பட்டவராயனைச் சாகவிடுங்கள்: கொடைக் கமிட்டிக்கு ஒரு மடல்

கமிட்டி அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

நம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரியைப் பாக்கி இல்லாமல் கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் பேசலாம்.

இந்த வருசக் கொடை வில்லுப்பாட்டில், செத்துப் பட்டவராயன் சாமியான முத்துப்பட்டன் கதையைக் கல்யாணத்தோடு நிறுத்திவிட்டீர்கள். "நல்ல நாளும் அதுவுமா எளவுப் பாட்டு எதுக்குவே, மங்களமா முடியும்" என்று வில்லுப் பாடுகிற அண்ணாவியிடம் சொன்னபோது நான் பந்தக்கால் பக்கத்தில்தான் நின்றேன். அப்புறம் கச்சேரி ஏறியது.

அண்ணாச்சி, அந்தக் கதைக்கு உயிரே கல்யாணத்துக்கு அப்புறம்தான். செருப்புத் தைக்கிற குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவுக்காகப் பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்து மாமனார் வாலப்பகடை முன் கொண்டுவந்து வைத்த பிராமணப் பிள்ளை அவன். கேட்டதையெல்லாம் கொடுத்தவன். மாலை வாடுவதற்குள் மாடு களவு போகிறது. விரட்டிப் போய்க் கள்ளர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, ரத்தம் கழுவ ஓடையில் குனிகிறான். ஒளிந்திருந்த ஒருவன் குத்திவிடுகிறான். பெண்கள் இரண்டு பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், சோக நாடகத்துக்கு இந்தக் கவிழ்ப்புதான் முக்கியம் என்று எழுதிவைத்தார். விழுகிறவன் அயோக்கியனாக இருக்கக் கூடாது, ஒரு பிசகால் விழ வேண்டும் என்றார். பட்டனின் பிசகு எது? கல்யாணம்தான் என்று சொல்ல நம்மூரிலேயே ஆள் உண்டு. என்னைக் கேட்டால், திரும்பிப் பார்க்காமல் ஓடையில் குனிந்தது.

ஏதென்ஸிலும் இந்த நாடகங்கள் கொடையில்தான் நடந்தன, டயோனிசஸ் என்ற சாமிக்கு. கொலையைப் பெரும்பாலும் மேடையில் காட்டமாட்டார்கள். ஓர் ஆள் வந்து சொல்லுவான். நம் வில்லிலும் கத்தி ஏது? உடுக்கும் குடமும் அண்ணாவி தொண்டையும்தான்.

ஆனால் அங்கே செத்தவன் செத்தவன்தான். இங்கே அவன் எழுந்து வருகிறான். குத்துப்பட்டு விழுகிற பாட்டடியில்தான் சாமியாடிக்கு அருள் வரும், குலவை கிளம்பும். காரையாறு சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறோமே, மாப்பிள்ளைக்கா வைக்கிறோம்? பாவம், நம் சாமியாடி கச்சையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். சினிமாப் பாட்டுதான் வந்தது.

வலிக்கிற இடத்தை வழித்தெடுப்பது புதுசு இல்லைதான். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகளே என்று கதைக்கு இன்னொரு பாடமும் உண்டு. அது பிற்பாடு சேர்த்தது என்று நாட்டார் கதை ஆய்வாளர் நா. வானமாமலை எழுதினார். சேர்த்தவர்களும் மங்களமாகத்தான் நினைத்திருப்பார்கள்.

சரி, மங்களம் வேண்டுமென்றால் வில்லிலேயே கடைசியில் வாழி பாடுவார்களே, அது போதாதா? அடுத்த கொடைக்குக் கச்சேரியை முந்தின நாள் வையுங்கள், நானும் வந்து கேட்கிறேன். கொடையன்றைக்கு அண்ணாவியை விடியும்வரை பாடவிடுங்கள்.

இப்படிக்கு,
வரி கொடுக்கிற ஒருவன்