தாமரைக்கு அடியில் தண்ணீர்

என்ஸ்கெடே, நெதர்லாந்து
2025 மார்ச் 2, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதமும் முந்திரிக்கொத்தும் கொட்டாரம் சித்தி வீட்டுப் பையன் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. அம்மா சுற்றியிருந்த வாழைச்சருகைக்கூட நான் இன்னும் தூரப் போடவில்லை. "பாட்டி போனதுக்கு அப்புறம் நீ ஒரு வரிகூட எழுதலையே மக்களே" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. போனில் பேசினேன்தான். ஆனால் உங்களுக்குப் போனில் காது சரியாகக் கேட்பதில்லை, நான் சொல்வதில் பாதியை அம்மா விட்டுவிடுகிறாள். தப்பு என் மேல்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம பக்கத்துக் குளங்களைப் பற்றிய ஆய்வேட்டை வியாழக்கிழமை ஒப்படைத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் பட்டம்.

குளிரைப் பற்றி அம்மா கேட்டிருந்தாள். மார்கழி, தை மாதங்களில் காலை எட்டரைக்குத்தான் விடியும், சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். இப்போது பரவாயில்லை. பஸ் இருக்கிறது, இருந்தாலும் சைக்கிளில்தான் போகிறேன், உடம்புக்கு நல்லது. ராத்திரி ஹீட்டரை அணைத்துவிட்டு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது. அக்டோபரிலிருந்து எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு ஒரே அறையில் இருக்கிறேன், துணைக்கு ஆள் ஆச்சு. சனி, ஞாயிறு சாயங்காலம் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு உதவிக்குப் போகிறேன். சாப்பாடும் அங்கேயே முடிந்துவிடும். பணத்துக்கு ஒரு குறையும் இல்லை, அண்ணன் கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

மரச்சீனிக் கிழங்கு இங்கேயும் கிடைக்கிறது. சூரினாம் நாட்டுக்காரர்கள் இங்கே நிறையப் பேர், அவர்கள் கடையில் தோல் சீவி உறையவைத்து விற்கிறார்கள். போன வாரம் வாங்கி வேகவைத்தேன். நார் நாராக இருந்தாலும் வெந்தபோது வந்த வாசனை நம்ம அடுக்களை வாசனையேதான். சாளைக்கறி இல்லை. காந்தாரி மிளகாயும் இல்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்றேன்.

எதிர்வீட்டுத் தாத்தாவைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். எண்பதைத் தாண்டியவர். தினமும் காலை எட்டு மணிக்கு, மழையானாலும் பனியானாலும், தோட்டத்துக்கு வருவார். அங்கே ஒரு கண்ணாடிக் குழாயை நட்டு வைத்திருக்கிறார், மழை அளக்க. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, குழாயில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதுவார். யாரும் கேட்பதில்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை. 1953 ஜனவரி 31ஆம் தேதி ராத்திரி, பிப்ரவரி 1 விடியுமுன் கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்து இந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தாராம். நான் 2004 சுனாமியையும் குளச்சலையும் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு காப்பி போட்டுக் கொடுத்தார். இங்கே தண்ணீர்ப் பராமரிப்புக்கென்றே தனி வாரியங்கள் உண்டு அப்பா. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. நம்ம பாசன சங்கம் மாதிரி ஓட்டுப் போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள், வரியையும் அவர்களே வசூலிக்கிறார்கள். உங்களையும் அந்தத் தாத்தாவையும் ஒரு நாள் நம்ம குளத்துக்கரையில் உட்கார வைத்துப் பார்க்க ஆசை. பாஷை தெரியாவிட்டாலும் நோட்டைக் காட்டியே பேசிக்கொள்வீர்கள்.

ஆய்வு முடிய ஏன் ஆறு மாதம் கூடுதலாக ஆனது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதுதான் முழுசாகச் சொல்ல முடிகிறது.

செயற்கைக்கோள் படத்தில் தண்ணீரைப் பிடிப்பது லேசான வேலைதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், அந்தப் படத்தில் குளம் கறுப்பாக விழும். பச்சை இலை அதே ஒளியைத் திருப்பி அனுப்பும், அது வெளுப்பாக விழும். 1984இல் மேலே போன லாண்ட்சாட் 5 படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம்ம கணக்கில் 22 சென்ட். 2015இல் ஐரோப்பாக்காரர்கள் அனுப்பிய சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி பத்துக்குப் பத்து மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். இவற்றை வைத்து நாஞ்சில் நாட்டுக் குளங்கள் எவ்வளவு சுருங்கின என்று கணக்கிட்டேன். போன ஜூனில் முடிவு வந்தபோது நம்ம ஊர்க் குளத்தில் முக்கால்வாசியைக் காணோம். அந்த இடம் வயல் என்று வந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே உங்களுக்குப் போன் பண்ணினேன். "குளம் எங்க போகும்? தாமரை மூடிக் கிடக்கு. இலையை விலக்கினா இடுப்பளவு தண்ணி" என்றீர்கள்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் எல்லாவற்றையும் கலைத்துத் திரும்பச் செய்தேன். நெல்வயல் வருஷத்தில் இரண்டு தடவை பச்சை ஏறி, மஞ்சளாகி, வெறுந்தரையாகும், கன்னிப்பூவுக்கு ஒரு தடவை, கும்பப்பூவுக்கு ஒரு தடவை. தாமரைக்கு அறுப்பு ஏது? வயலெல்லாம் வெறுந்தரையாகக் கிடக்கும் நாளிலும் அது பச்சையாகவே நிற்கும். ஆக, ஒரே நாள் படத்தை நம்பாமல் வருஷம் முழுக்க ஒவ்வொரு புள்ளியும் எப்படி நிறம் மாறுகிறது என்று பார்த்தால் வயலும் குளமும் பிரிந்துவிடும். ஐந்து நாளுக்கு ஒரு படம் வருகிறது. ஆனால் நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, பாதிப் படத்தில் மேகம்தான். அந்த இடைவெளியில் எந்த வயலில் என்றைக்கு நடவு, என்றைக்கு அறுப்பு என்று உங்கள் டைரியிலிருந்துதான் எடுத்தேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில்கூட எழுதி வைத்திருந்தீர்களே, அதுவும் உதவியது. அண்ணன் முழங்கால் சேற்றில் கரையைச் சுற்றி நடந்து போனில் இடம் குறித்து அனுப்பினான். இப்போது படத்தில் குளம் முழுசாக இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயர்தான் முதலில், தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன்.

இனி, எழுதாமல் இருந்த காரணம்.

தை மாதம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று அண்ணனிடம் சொன்னேன். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். பாட்டி போன மூன்றாம் நாள் சென்டினல் நம்ம ஊருக்கு மேலே போயிருக்கிறது. அங்கே காலை பதினொன்றுக்குள் இருக்கும், இங்கே விடியவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, வேலை விஷயமாகத்தான் அந்தப் படத்தைத் திறந்தேன். மேகமே இல்லை. நம்ம எட்டு சென்ட் வீடு என் படத்தில் மூன்றே புள்ளி, தென்னை நிழலில் எப்போதும் கரும்பச்சையாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் ஒரு புள்ளி வெளுத்திருந்தது. முதலில் கணக்கில்தான் ஏதோ பிசகு என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது வாசலில் போட்ட வெள்ளைத் துணிப் பந்தல். அதன் கீழே நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். நான் மட்டும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை அப்பா. பாட்டி கையில் ஒரு வாய் பழஞ்சோறு, அது போதும் எனக்கு, வேறு ஒன்றும் வேண்டாம்.

சரி, ரோட்டோரத்து நாற்பது சென்ட் வயலை விற்கும் விஷயம். தோவாளை மாமா ஆள் கூட்டிக்கொண்டு வந்ததாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அட்வான்ஸ் வாங்காதீர்கள். என் படிப்புக் கடனுக்காக என்றால் வேண்டவே வேண்டாம், இந்த மாத வட்டியை நான் பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன். குளத்தை நான் தப்பாகப் பார்த்தேன், ஆனால் கிழக்கே ரோட்டை ஒட்டி மண்ணடித்து மனை ஆன வயல்களைத் தப்பாகப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் ஒவ்வொரு புள்ளியாக வெளுத்துக்கொண்டே வருகிறது. நம்முடையது பதினாறு புள்ளி. அந்தப் பதினாறும் இன்றைக்கும் வயல்தான். அண்ணனுக்கு நெருக்கடி இருப்பது எனக்குத் தெரியும், மைனிக்கும் சித்திரையில் பிரசவ நாள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் இரண்டு வளையல்களை அடகு வையுங்கள், அம்மா ஒன்றும் சொல்லக்கூடாது. நான் வரும்வரை மாமாவிடம் யோசிக்கிறோம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அம்மா கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட வேண்டாம், அறுப்பு முடிந்ததும் கூட்டிக்கொண்டு போங்கள். குளத்தில் தண்ணீர் இறங்குவதற்குள் மறுகால் பக்கத்து மடையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அண்ணனிடம், தேர்வில் காட்ட வேண்டும். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை ஆரல்வாய்மொழி அத்தை கேட்டதாக அம்மா சொன்னாள். கொடுத்துவிடாதீர்கள். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்