தேதி போடாத வாடகைப் பத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல், மே வந்தால் வீடு மாறுவோர் பாடு பெரும்பாடு. அப்போது தவறாமல் வரும் கேள்வி இது: "பத்திரத்தில் எப்போது முடியும் என்று தேதியே இல்லை. நினைத்த நேரத்தில் வெளியே போகச் சொல்வார்களா?" வீட்டுக்காரர்களின் கவலை நேர் எதிர்: "தேதி போடாமல் விட்டோமே, இனி காலி செய்யவே மாட்டாரோ?" இரண்டு பயமும் தேவையற்றது. பத்திரத்தில் கெடு இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சட்டம் நிரப்பிக்கொள்கிறது. எப்படி நிரப்புகிறது என்பதில்தான் குழப்பம்.

1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 106. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது வீடு, கடை வாடகை மாதா மாதம் தொடரும் வாடகையாகவே கொள்ளப்படும். யார் முடிக்க விரும்பினாலும் 15 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும். இந்த 15 நாள் நோட்டீசில் போட்ட தேதியிலிருந்து ஓடாது, எதிர்த்தரப்பின் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். ஜூன் 12 அன்று வாங்கியிருந்தால் அந்த நாளை விட்டுவிட்டு எண்ணுங்கள். 27ஆம் தேதியோடு 15 முடிகிறது. வாடகை மாதம் முடியும் நாளில்தான் கெடுவும் முடிய வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. ஒரே ஒரு நாள் பிசகால் வழக்குகள் தோற்றதுண்டு. 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பழைய மாதிரி நோட்டீசைப் பார்த்து எழுதுவோர் இன்னும் அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"வேறு ஒப்பந்தம் இல்லாதபோது" என்ற சொற்களைக் கவனியுங்கள். பத்திரத்தில் இரண்டு மாத அவகாசம் என்று எழுதியிருந்தால் 15 நாள் பேச்சுக்கே இடமில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு 15 நாளில் வேறு வீடு எங்கே கிடைக்கும்? ஆகவே கெடு போடாவிட்டாலும் அறிவிப்புக் காலத்தைப் போடாமல் விடாதீர்கள்.

"வாடகைதாரர் விரும்பும்வரை இருக்கலாம்", "மூன்று வருடம் இருக்கலாம்" என்றெல்லாம் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் பலர். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகையும் வருடா வருடம் தொடரும் வாடகையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த ஆவணத்தின் மூலமே உண்டாகும் என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 107. நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. பதிவில்லாத மூன்று வருடப் பத்திரத்தைக் காட்டி, மூன்று வருடம் இருப்பேன் என்று வாதாட முடியாது. அதற்காகக் குடியிருப்பவர் அத்துமீறி நுழைந்தவரும் ஆகிவிட மாட்டார். வீட்டை ஒப்படைத்து வாடகையும் வாங்கியதால் அங்கே மாத வாடகை உறவு இருக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் அந்தோணி எதிர் இட்டூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உற்பத்திக்கு விட்ட இடத்தை வருடா வருடம் தொடரும் வாடகையாகக் கொண்டு, அதற்கு ஆறு மாத அறிவிப்பு உண்டு என்று பிரிவு 106 சொல்வது உண்மைதான். ஆனால் பதிவு இல்லாமல் பட்டறையோ தறிக்கூடமோ நடத்துபவர் அந்த ஆறு மாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இந்தப் பதிவுத் தொல்லையைத் தவிர்க்கப் பிறந்ததுதான் 11 மாதப் பத்திரம். இன்று அது பாதி உண்மை மட்டுமே. தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது; 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடமும் பதிவாக வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு அல்ல, தனி. 11 மாதம் என்று போடுவது சார்பதிவாளர் அலுவலகப் பதிவிலிருந்து மட்டுமே தப்பிக்க உதவும்.

11 மாதம் முடிந்து, புதுப்பிக்காமல், வாடகை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தால்? ஊரில் பாதி வீடுகளின் கதை இதுதான். பழைய நிபந்தனைகளோடு மாதா மாதம் நீள்வதாகப் புதிய சட்டம் கொள்கிறது, ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் புது ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். முறையான ஒப்பந்தம் போடாததே காலி செய்யக் கேட்பதற்கான ஒரு காரணமாகப் பிரிவு 21இல் இருக்கிறது. எழுதித் தராமல் இழுத்தடித்த வீட்டுக்காரருக்கே அது ஆயுதமாகிவிடுகிறது; எங்கள் பார்வையில் இது சட்டத்தின் ஓட்டை. இதற்கு ஒரு தற்காப்பு: இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் வாடகை விவரங்களை வாடகைதாரர் தனியாகவும் தாக்கல் செய்யலாம். வங்கிக் கணக்கு வழியாக வாடகை போன விவரத்தையும் சேர்த்துவையுங்கள்.

இந்தச் சட்டம் செல்லும் இடங்களில் வெறும் நோட்டீசால் யாரையும் வெளியேற்ற முடியாது. சொந்தத் தேவை, வாடகை பாக்கி என்று சட்டம் சொல்லும் காரணம் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெற வேண்டும். தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, மின் இணைப்பைத் துண்டிப்பது போன்ற குறுக்குவழிகளுக்குப் பிரிவு 20 தடை போடுகிறது.

நோட்டீஸ் கொடுத்த பிறகு வீட்டுக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று. கெடு முடிந்தும் ஒன்றாம் தேதி காலையில் ஜிபேயில் வாடகை வந்து விழும். பேசாமல் வைத்துக்கொண்டால், நோட்டீசைக் கைவிட்டுவிட்டார் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 113ஐக் காட்டி எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். உடனே எழுத்தில் பதில் அனுப்புங்கள்: "இது வாடகையாக அல்ல, இடத்தைப் பயன்படுத்துவதற்கான ஈடாக, எனது நோட்டீசுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்ளப்படுகிறது."

நோட்டீசில் கையெழுத்து வேண்டும். வாட்ஸ்அப் குரல்பதிவை நம்ப வேண்டாம். பழைய பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டதால், பதிவு வசதியோடும் ஒப்புகையோடும் விரைவுத் தபால் என்று கேட்டு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

கெடு இல்லாத பத்திரம்தான் வேண்டும் என்றால் இப்படி எழுதலாம்: "இவ்வாடகை ஒவ்வொரு ஆங்கில மாதமும் 1ஆம் தேதி தொடங்கி மாதா மாதம் தொடரும். எத்தரப்பும் 60 நாள் எழுத்து அறிவிப்பு தந்து முடித்துக்கொள்ளலாம். அறிவிப்புக் காலத்திலும் வாடகை செலுத்த வேண்டும். சாவி ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்." கடைசி வரி எங்கள் கற்பனையல்ல, 2017 சட்டத்தின் பிரிவு 11 சொல்லும் கெடு. பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் எந்தச் சட்டத்திலும் இல்லை. பிடிக்கத்தான் போகிறார்கள் என்றால் எவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

சாவியைக் கொடுக்கும்போது மின் மீட்டர் அளவைக் குறித்து, எத்தனை சாவி என்றும் எழுதி, ஒரு துண்டுத் தாளிலாவது கையெழுத்து வாங்குங்கள். "போன மாதமே போய்விட்டார்", "இல்லை, இந்த மாதம் பத்தாம் தேதிதான்" என்ற சண்டை இந்தத் தாள் இல்லாத வீடுகளில்தான் வருகிறது.

இப்படிக்கு,
வாடகைப் பத்திரங்கள் எழுதும் வழக்கறிஞர்கள் இருவர்,
திருச்சி.