முதல் எல்க் வேட்டைக்கு வில்லா, ரைஃபிளா?

அன்பு மகள் நிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த ஆண்டு எல்க் மான் வேட்டைக்குப் போவதென்று நீ முடிவெடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வில்லா, ரைஃபிளா என்று கேட்டிருந்தாய். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: முதல் ஆண்டு ரைஃபிளை எடுத்துக்கொள்.

வில்லின் மேல் உனக்கு ஏன் இத்தனை ஆசை என்பது எனக்குத் தெரியும். கொலராடோவில் வில் வேட்டைக்கான பருவம் செப்டம்பரில் வருகிறது. எல்க்குகள் இணைசேரும் காலமும் அதுவே. ஆஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும் அந்த விடியற்காலைகளில், அடித்தொண்டையில் எழுந்து, சீழ்க்கையாக உயர்ந்து, உறுமலாக அடங்கும் கடாவின் குரலுக்காகத்தான் நானும் முதலில் வில்லைத் தூக்கினேன்.

அந்த ஆண்டு நடந்ததை உன்னிடம் இதுவரை முழுமையாகச் சொன்னதில்லை. முப்பத்தைந்து கஜத்தில் ஒரு பெட்டை நின்றது. நாணை விட்ட அதே கணத்தில் அது ஓரடி முன்னே எடுத்து வைத்தது. தரையில் கிடந்த அம்பை எடுத்துப் பார்த்தபோது அதில் பச்சையாக ஏதோ பூசியிருந்தது. முகர்ந்ததும் குடலில் பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அப்படிப் பட்டால் எட்டு மணி நேரமாவது அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது. நான் அரை மணி நேரத்தில் பின்தொடர்ந்தேன். அது படுத்திருந்த இடத்தில் புல் நசுங்கி, உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த இரத்தம் இருந்தது. என் காலடி கேட்டு எழுந்து போயிருந்தது. அதற்கப்பால் சொட்டுகள் அருகி, ஓர் ஓடைக்கரையில் முற்றிலும் நின்றுவிட்டன. இரண்டு நாள் தேடியும் அது கிடைக்கவில்லை. பயிற்சித் திடலில் அப்போது நானும் உன்னைப் போலவே குறி தவறாமல் எய்துகொண்டிருந்தேன்.

ரைஃபிளிலும் குறி தவறலாம். ஆனால் நூற்றைம்பது கஜத்துக்கு அப்பால் நீ இருப்பதையே அறியாமல் மேயும் விலங்கு, பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருக்கவும், முதுகுப்பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து மூச்சைச் சீராக்கவும், தேவைப்பட்டால் இரண்டாவது தோட்டாவைச் செலுத்தவும் உனக்கு நேரம் தரும். வில்லுக்கோ நாற்பது கஜத்துக்குள் நெருங்க வேண்டும். அதன் கண்ணில் படாமல் நாணை இழுக்க வேண்டும். காலையில் சரிவில் இறங்கும் காற்று, வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பி உன் வாடையை அதன் மூக்கில் சேர்க்குமுன் எய்துவிட வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே காலையில், உயிருள்ள ஒன்றின் மேல் கற்றுக்கொள்ளாதே. நாணை இழுக்க 35 பவுண்டு விசை தேவைப்படும் வில்லே எல்க்குக்குப் போதும் என்று சட்டம் சொல்கிறது. என் மனம் அதற்கு ஒப்பவில்லை.

இறைச்சியையும் நினைத்துப் பார். வளர்ந்த பெட்டையே இருநூறு கிலோவைத் தாண்டும். செப்டம்பர் வெயிலில் தோலை உடனே உரித்து, துண்டாக்கி, நிழலில் தொங்கவிடாவிட்டால் தொடைக்கறி எலும்பை ஒட்டிக் கெட்டுவிடும். அக்டோபர் இறுதியில் தொடங்கும் இரண்டாவது ரைஃபிள் பருவத்தில் குளிரே உனக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். பனி விழுந்திருந்தால் இரத்தத் தடமும் தெளிவாகத் தெரியும்.

ஆகவே பெட்டைக்கான உரிமத்துக்கு விண்ணப்பி. அதைக் குலுக்கலில்தான் தருகிறார்கள்; விண்ணப்பக் கெடு ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் கிடைக்காது என்பதால், அதை இப்போதே முடித்துவிடு. ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் நான் வாங்கி வைக்கிறேன். என்னுடைய .308 ரைஃபிள் உன் தோளுக்குப் பொருந்தும். கோடையில் நீ வரும்போது படுத்தும், அமர்ந்தும், மண்டியிட்டும் சுட்டுப் பழகுவோம்.

செப்டம்பரிலும் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. ஆயுதம் எதுவும் வேண்டாம். இருட்டோடு ஏறி, மேல் ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடாக்களின் குரலைக் கேட்போம்.

அன்புடன்,
அப்பா