அந்தக் கால் மணி நேரத்துக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் நூல் மில் ஹாஸ்டலில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளை ஊருக்கு விடாமல் வைத்திருந்த விஷயம் வாடிப்பட்டி முதல் உசிலம்பட்டி வரை தெரிந்த கதை. திரும்ப ஒருமுறை சொல்ல எனக்குத் தெம்பில்லை. பிடித்து வைத்திருந்த சம்பளம் பேங்கில் ஏறிவிட்டது. ஊருக்குப் போகணும் என்ற பிள்ளைகள் ரயில் ஏறிவிட்டார்கள். சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிடுகிறேன்.

சங்கத் தோழர்கள், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வந்த வக்கீல் அக்கா, இலவசச் சட்ட உதவி எண் 15100-க்கு போன் போட்டுக் கொடுத்த டீக்கடை அண்ணன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒடிசா பிள்ளைகளுக்குத் துணையாகப் பேச வந்த ஆரப்பாளையம் பரோட்டா மாஸ்டர் (அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான்), எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. தனித்தனியாக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேன்.

மில்லை ஆய்வு செய்ய வந்த இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் எழுதணும்.

முன்னாலும் ஆய்வு நடந்திருக்கிறது. வருகிறார்கள் என்று முந்தின நாளே தெரிந்துவிடும். காலையில் புது மாஸ்க், புதுத் தொப்பி கொடுப்பார்கள். வடக்கத்திப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். மீனாட்சியைப் பார்த்த புண்ணியமாவது அவர்களுக்குக் கிடைத்தது. மிச்சம் இருக்கும் எங்களிடம், சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்பார்கள். என்ன சொல்வோம்?

இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி ஷிப்டில் வந்தார்கள். மேடம் மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமைக் கேட்டு வாங்கினார். கேமராவுக்கு முதுகு காட்டி உட்காருகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். வார்டன், சூப்பர்வைசர் எல்லாரும் வெளியே. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். ஆளுக்குக் கால் மணி நேரம். ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டைக் கூலி தரணும் என்பதே எங்களில் பலருக்கு அந்த அறையில்தான் தெரிந்தது.

ஒரு ஜார்க்கண்ட் பிள்ளை வாயே திறக்கவில்லை. "சரி, நீ போ" என்று அனுப்பிவிடலாம்தானே? அனுப்பவில்லை. ஊரில் என்ன பயிர், தம்பி தங்கை எத்தனை பேர் என்று கேட்டு அவளையும் அதே கால் மணி நேரம் உட்கார வைத்தார். "நெல்லு, மக்காச்சோளம்னு சொன்னேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். அரை ராத்திரியில் இது என்ன வெட்டிப் பேச்சு என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

மறுநாள் வார்டன் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, யார் ரொம்ப நேரம் உள்ளே இருந்தது என்று விசாரித்தபோதுதான் புரிந்தது. எல்லாரும் ஒரே நேரம். யாரைப் பிடிப்பது? ஒருத்திக்கும் வேலை போகவில்லை. மேடம், இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களுக்கும் நன்றி.

1947-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட 81-வது உடன்படிக்கையிலேயே இதெல்லாம் இருக்கிறது என்று தோழர் காட்டினார். முன்கூட்டிச் சொல்லாமல் எந்த நேரத்திலும் உள்ளே வரலாம், தொழிலாளியிடம் தனியாகப் பேசலாம், புகார் கொடுத்தது யார் என்று வெளியே விடக்கூடாது. 1949-லேயே இந்தியா ஏற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் கேட்டைத் தாண்டத்தான் இத்தனை காலம். இனிமேல் ஆய்வுக்கான இடத்தைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டு எடுக்கும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் அனுப்பட்டும், கலெக்டர் அனுப்பட்டும், வருகிறவர் முதலில் சூப்பர்வைசரை வெளியே நிற்கச் சொல்லணும்.

ஹாஸ்டல் கமிட்டியில் இப்போது என்னையும் சேர்த்திருக்கிறார்கள். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சம்பளச் சீட்டைப் படிக்க நான் சொல்லித் தருவேன். பி.எஃப். பிடித்தம் எது, மெஸ் பிடித்தம் எது என்று தெரியாமல் ஒருத்தியும் கையெழுத்துப் போட விடமாட்டேன். அப்புறம், அந்த 15100-ஐ நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின் பக்கத்துச் சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்டப் போகிறோம். ஒடியாவில் எழுதித் தர பரோட்டா மாஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதீர்கள், கடையில் கூட்டம் என்றார்.