சூடு ஏறினா மோதல் கூடுதுங்கறது பாதி உண்மைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். திண்டுக்கல்ல பிளஸ் டூ பசங்களுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கறேன். போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல வேதிவினை வேகம் பத்தி வந்ததை பசங்க கொண்டுவந்து காட்டினாங்க. தமிழ்ல இப்படி வர்றது ரொம்ப சந்தோஷம், ஆனா அதுல ஒரு வரி, "வெப்பநிலை 10 டிகிரி கூடினா மூலக்கூறுகள் ரெண்டு மடங்கு மோதிக்கும், அதனால வினை வேகமும் ரெண்டு மடங்காகும்"னு இருக்கு. இது தப்பு. பரீட்சையில பசங்க இதையே எழுதி மார்க் விடறாங்க, அதான் எழுதறேன்.

கணக்கு போட்டுப் பாருங்க. வாயுல மூலக்கூறோட சராசரி வேகம் கெல்வின் வெப்பநிலையோட வர்க்கமூலத்தைப் பொறுத்துதான் கூடும். 25 டிகிரிங்கறது 298 கெல்வின், 35ங்கறது 308, அப்போ மோதல் கூடறது 2 சதவீதம்கூட கிடையாது. ஆனா நிறைய வினைங்க உண்மையிலேயே ரெண்டு மடங்கு வேகமாகுது. மீதி எங்கேர்ந்து வருது?

சாதாரண அறையில காத்துல இருக்கற ஒரு மூலக்கூறு ஒரு செகண்டுக்கு பல நூறு கோடி தடவை மோதுது, மோதினதெல்லாம் வினையா மாறியிருந்தா எல்லா வாயு வினையும் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கணும். அப்படி நடக்கலையே. கோயில்ல சிதறு தேங்காய் போடறதை நினைச்சுப் பாருங்க, மெதுவா போட்டா உருண்டு ஓடிடும், ஒரு அளவுக்கு மேல வேகமா அடிச்சாத்தான் உடையும், அந்த அளவுதான் கிளர்வு ஆற்றல். அது ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ணற ஒரு பெரிய அளவு) 50 கிலோஜூல்னு வெச்சுக்கோங்க. 25 டிகிரில 1000 கோடி மோதல்ல சுமார் 17 மோதலுக்குத்தான் அந்த வலு இருக்கும், 35 டிகிரில அது 33 ஆயிடுது. ரெண்டு மடங்கு வர்றது இங்கேர்ந்துதான். மோதல் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு, வலுவான மோதல்தான் கூடுது.

வலு மட்டும் இருந்தாலும் பத்தாது, முகம் பார்த்து மோதணும். ஒரு நைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த நைட்ரிக் ஆக்சைடு, ஓசோனோட சேரணும்னா அதோட நைட்ரஜன் பக்கம் போய் படணும், ஆக்சிஜன் பக்கம் பட்டா சும்மா திரும்பிடும்.

ஸ்வீடன் விஞ்ஞானி அரீனியஸ் 1889லயே வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள சமன்பாட்டை விளக்கிட்டாரு. அதுக்கு மோதல் வழியா காரணம் சொன்னது ஜெர்மனியில டிராட்ஸ், 1916ல, அப்புறம் இங்கிலாந்துல லூயிஸ், 1918ல. நடுவுல முதல் உலகப்போர், அதனால டிராட்ஸ் செஞ்சது லூயிஸுக்குத் தெரியவே இல்ல, ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க. இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சு பசங்ககூட நிமிர்ந்து உக்காருவாங்க.

எங்க அக்காவை கொடைக்கானல்ல கட்டிக்கொடுத்திருக்கு. குக்கர் ரிப்பேரான அன்னிக்கு பருப்பு வேகவே மாட்டேங்குதுன்னு போன் பண்ணுவா, ஏன்னா அங்க தண்ணி 93 டிகிரிகிட்டயே கொதிச்சிடும். 7 டிகிரி குறைஞ்சதுல மூலக்கூறோட வேகம் 1 சதவீதம்தான் குறையுது, ஆனா பருப்பு எவ்வளவு இழுக்குதுன்னு அடுப்புகிட்ட நின்னவங்களுக்குத் தெரியும். அதே பருப்பை குக்கர்ல போட்டா 120 டிகிரி வரைக்கும் போய் சட்டுனு வெந்துடுது. மோதல் எண்ணிக்கையை மட்டும் வெச்சு இதை விளக்கவே முடியாது.

ஸ்கூல் லேப்ல சோடியம் தயோசல்பேட்டோட ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தி, அது கலங்கி, அடியில பேப்பர்ல போட்ட பெருக்கல் குறி எப்ப மறையுதுன்னு பார்ப்போமே, அதையும் ஒரு சின்ன படத்தோட போடுங்க. பச்சைத்தண்ணி சூட்டுல ஒண்ணு, 10 டிகிரி கூட வெச்சு ஒண்ணு, ரெண்டுக்கும் நேரம் குறிச்சா பசங்க கண்ணாலயே பார்த்துடுவாங்க, சூடா இருக்கறது கிட்டத்தட்ட பாதி நேரத்துல கலங்கிடும். டீச்சர் பக்கத்துல இருக்கும்போதுதான் செய்யணும், ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுதான் செய்யணும், சல்பர் டை ஆக்சைடு வரும்ங்கறதையும் மறக்காம சேர்த்துடுங்க.

அரையாண்டுக்கு முன்னாடி திருத்தம் வந்தா நல்லாருக்கும், அதே பக்கத்துல, பசங்க கண்ணுல படற இடத்துல.

இப்படிக்கு,
ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர், திண்டுக்கல்