மாதவிடாய்க் கோளாறில் நரம்புக்கும் பங்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதவிடாய்க் கோளாறுகள் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அனைத்துக்கும் ஹார்மோனையே காரணம் காட்டிவிட்டு, மன உளைச்சலால் மாதவிடாய் நிற்பதை வெறும் மனப்பிரமை என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது வருத்தம் அளிக்கிறது.

சினைப்பையை இயக்கும் ஹார்மோன்கள் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகின்றன என்பது சரியே. ஆனால் பிட்யூட்டரியை ஏவுவது மூளையின் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியில் உள்ள நரம்பணுக்கள். அவை சுரக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன், மாதச் சுழற்சியின் முற்பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, விட்டுவிட்டு வெளிப்படுகிறது. மூளை சுரக்கும் இத்தகைய ஹார்மோன்களைக் கண்டறிந்ததற்காகவே ரோஜர் கியெமென், ஆண்ட்ரூ ஷாலி இருவரும் 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். கடும் மன உளைச்சலோ, போதிய உணவின்மையோ, அளவுக்கு மீறிய உடற்பயிற்சியோ இந்தத் துடிப்பைத் தளர்த்திவிட்டால் கருமுட்டை வெளிப்படாது, மாதவிடாயும் நின்றுபோகும். ஸ்கேனில் கருப்பையும் சினைப்பையும் குறையின்றித் தெரிகின்றன என்பதற்காக அந்தப் பெண் சொல்வது கற்பனை ஆகிவிடாது.

பிரசவத்தில் நரம்பின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்தி விரிக்கும்போது அங்குள்ள நரம்புகள் தண்டுவடம் வழியே மூளைக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அதனால் கருப்பை மேலும் சுருங்க, தலை மேலும் அழுத்த, குழந்தை பிறக்கும்வரை இந்தச் சுற்று வலுத்துக்கொண்டே போகிறது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலினோ, கருப்பைத் தசையில் அட்ரினலினை உணரும் பீட்டா-2 ஏற்பிகள் என்ற புரதங்கள் வழியாக அதைத் தளர்த்தக்கூடியது. குறைப்பிரசவ வலியைத் தற்காலிகமாகத் தணிக்கக் கொடுக்கப்படும் டெர்பியூட்டலின் மருந்து வேலை செய்வதும் இதே ஏற்பிகளில்தான். வலியில் துடிக்கும் தாயை அதட்டுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நரம்பே எல்லாம் என்று நான் வாதிடவில்லை. ஸ்வீடனில் 2014-இல், மாற்றிப் பொருத்திய கருப்பையில் வளர்ந்த முதல் குழந்தை பிறந்தது. அந்த அறுவை சிகிச்சையில் இரத்தக் குழாய்களை இணைப்பார்களே தவிர, நரம்புகளை இணைப்பதில்லை. இருந்தும் இரத்தத்தில் வரும் ஹார்மோனுக்கு இசைந்து மாதவிடாய் வருகிறது. கர்ப்பத்தின் இறுதிக் கட்டத்தில் கருப்பைத் தசையிலுள்ள பரிவு நரம்பு (அச்சத்திலும் பதற்றத்திலும் உடலை முடுக்கும் நரம்பு) இழைகள் பெருமளவு மறைந்துவிடுவதும் கவனிக்கத்தக்கது.

ஆகவே கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் மற்றொன்றையும் சேர்க்க வேண்டும்: கர்ப்பம், தைராய்டு, தாய்ப்பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் ஆகியவற்றைப் பரிசோதிக்காமல், எடுத்த எடுப்பிலேயே மன உளைச்சல்தான் என்று மருத்துவர் முடிவு கட்டுவதும் அதே அளவு தவறு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி