மச்சாளின் காணியும் உறுப்புரை 16உம்

ஆசிரியருக்கு,

அரசியலமைப்பு நாட்டின் அத்திவாரம், காலத்துக்குக் காலம் அதில் கைவைக்கக் கூடாது என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தை என் மச்சாளின் காணியிலிருந்துதான் சொல்ல முடியும்.

மச்சாள் வடமராட்சியில் பிறந்து, கலியாணம் முடித்துத் திருகோணமலைக்கு வந்தவள். ஒன்பது வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன கணவர் திரும்பி வரவே இல்லை, விவாகரத்தும் நடக்கவில்லை. மகளின் படிப்புச் செலவுக்கு முதலில் நகைகளை விற்றாள், யாரும் எதுவும் கேட்கவில்லை. அது தீர்ந்தபின் தாய் அவளுடைய பெயரில் எழுதிக்கொடுத்த சீதனக் காணியை விற்கப் போனால், கணவர் எழுத்தில் சம்மதம் தராமல் உறுதி முடிக்க ஏலாது என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். அவரில் பிழை இல்லை. தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கு 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது அதுதான். கணவர் விட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, சரி, ஆனால் தன் பெயரில் இருக்கும் காணிக்காக ஒரு பெண் ஏன் சட்டத்தரணிக்குக் காசு கட்டி, தவணைக்குத் தவணை அலைய வேண்டும்? அதே வீட்டில் அவளுடைய அண்ணன் தன் பங்கை விற்றபோது மனைவியின் கையொப்பத்தை யாரும் கேட்கவில்லை.

எல்லோரும் சட்டத்தின் முன் சமம், பால் காரணமாக யாருக்கும் ஓரவஞ்சனை காட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் உறுப்புரை 12 சொல்கிறதே, அதைக் காட்டி வழக்குப் போடலாம்தானே என்று நானும் நினைத்தேன். அப்புறம்தான் உறுப்புரை 16ஐ வாசித்தேன். அடிப்படை உரிமைகளைச் சொல்லும் இந்த அத்தியாயத்துக்கு முரணாக இருந்தாலும், ஏற்கனவே இருக்கிற எழுத்திலுள்ள சட்டமும் எழுத்தில் இல்லாத சட்டமும் செல்லுபடியாகும் என்பது அதன் பொருள். அதாவது 1978 செப்டம்பர் 7ஆம் திகதி இந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது நாட்டில் இருந்த அநீதியான சட்டமெல்லாம் அப்படியே உள்ளே வைத்துப் பூட்டப்பட்டுவிட்டது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்தில் தொகுத்த தேசவழமையும் அதற்குள் இருக்கிறது.

அத்திவாரம் என்று சொல்லும் இதே அரசியலமைப்பை 2022க்குள் 21ஆம் திருத்தம் வரை கொண்டுபோய்விட்டார்கள். 2010இல் ஒருவர் எத்தனை முறையும் ஜனாதிபதியாகலாம் என்று மாற்றினார்கள், 2015இல் பழையபடி இரண்டு தவணையாக்கினார்கள், 2020இல் அதிகாரத்தைக் கூட்டினார்கள், 2022இல் குறைத்தார்கள். கதிரைக்காக இவ்வளவு தரம் திறந்த புத்தகத்தை என் மச்சாளுக்காக ஒரு தரம் திறந்தால் நாடு இடிந்துவிடுமா?

இது எங்களுடைய சட்டத்தோடு மட்டும் நிற்கவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருக்கிற என் தோழிகளுக்கு 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். அதன்படி மணமகள் பதிவேட்டில் கையொப்பம் இடத் தேவையில்லை, முஸ்லிம் விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிபதியாக ஆண்தான் வரலாம். அதைத் திருத்துவதற்கு 2009இல் நியமித்த குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அந்தப் பெண்களும் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் இதே உறுப்புரை 16 குறுக்கே நிற்கும்.

என் அப்பா இதைக் கேட்டால் பயப்படுவார். அவருடைய பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்று சுதந்திரம் கிடைத்தபோது இருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது அதைக் காணோம். "திறந்தால் இருப்பதும் போய்விடும்" என்று அவர் சொல்வது அந்த அனுபவத்தில்தான். எங்கள் வழமைகளில் பெரும்பான்மை கைவைக்கும் என்ற பயமும் பொய்யில்லை. ஆனால் நான் கேட்பது வழமையை அழிக்கச் சொல்லி இல்லை. சீதனமும், பரம்பரையாக வந்த முதுசமும், கலியாணத்துக்குப் பின் சம்பாதித்த தேடிய தேட்டமும் இருக்கட்டும், அதில் பெண்ணுக்கு அநியாயம் நடந்தால் நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். என் பயம் வேறு: அந்த வழியை விடாவிட்டால் பெண்கள் மெல்ல மெல்ல இந்த வழமையை வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சர்வஜன வாக்கெடுப்பு இல்லாமல் மாற்றக் கூடாது என்று உறுப்புரை 83 தரும் பட்டியலில் 16 இல்லை. பாராளுமன்றத்தில் 225 பேரில் 150 பேர் கை உயர்த்தினால் போதும். 2024 நவம்பர் தேர்தலில் ஆளும் தரப்புக்கு 159 ஆசனங்கள் கிடைத்தன, புதிய அரசியலமைப்பு கொண்டுவருவோம் என்று வாக்குறுதியும் தந்தார்கள். எங்கள் மாவட்ட உறுப்பினர்களிடமும் கேட்கிறேன், அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசும் மேடையில் இதையும் ஒரு தரம் பேசுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறு இதழில் உறுப்புரை 12ஐயும் 16ஐயும் தமிழில் பக்கத்தில் பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். மச்சாள் மாவட்ட நீதிமன்றத்தில் போட்டிருக்கும் மனுவுக்கு அடுத்த தவணை வருவதற்குள் முடிந்தால் நல்லது, அவள் அதை வெட்டி உறுதியோடு வைத்துக்கொள்ளக் கேட்டாள்.

ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை